கொல்லைத் தென்னைக்குச் சொந்தக்காரி

அருளுக்கு,

நீ எழுத்துக்கூட்டித் தமிழ் வாசித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் இதை உன் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல். குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்துக்கொள். நடுவில் ஓரிடத்தில் அம்மா சத்தம் போட்டுச் சிரிப்பாள், இன்னோரிடத்தில் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். போனால் விட்டுவிடு, திரும்பி வந்து வாசிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன் குரலில் கோபம் இல்லை. பொறுமை இருந்தது. அதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பாடம் ஏறாத ஒருவனிடம் நான் வைத்திருந்த பொறுமை அது. "அப்பா, நித்தேஷ் எத்தனை நாள்தான் காத்திருப்பான்? பெட்டி கட்டியாச்சான்னு கேட்டா மழைங்கறீங்க. நவுவால என்னிக்கு மழை இல்ல? பகல் பூரா வீட்டுலயே இருக்கறதில்லயாமே, எங்கதான் சுத்தறீங்க?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். பேத்தி பிறக்கப்போகிறாள் என்று அம்மா ஆக்லாந்துக்கு விமானம் ஏறினாள். நவுவா வீட்டை விற்று, ஃபிஜியை விட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று நான் சொன்னேன். இப்போது பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. நான் இன்னும் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். காலையில் சட்டைகளைப் பெட்டியில் வைக்கிறேன், மாலையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரிவதில்லை. ஏன் இப்படி என்று உனக்குச் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

நித்தேஷை உனக்குத் தெரியும். என்னிடம் சோஷியல் சயன்ஸ் படித்தவன், அப்பாவின் ஹார்டுவேர் கடையை இப்போது அவன் நடத்துகிறான். நம் வீட்டை இடித்துவிட்டு இரும்பு, சிமென்ட் வைக்க ஒரு கிடங்கு கட்டப்போகிறான். நல்ல விலை சொல்லியிருக்கிறான், அதில் குறையில்லை. சில வாரங்களுக்கு முன் இயந்திர ரம்பத்தோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்புறம் பார்க்க வந்தான். "மாஸ்டர்ஜி, இந்த ரெண்டு தென்னையும் போனாத்தான் லாரி திரும்பும். கையெழுத்துப் போட்ட மறுநாள் வேலையை முடிச்சிடுவோம், உங்க கண்ணுல படாம" என்றான். மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னான். நான் தலையாட்டினேன். அப்போது பக்கத்து வீட்டு வேலி ஓரமாக மெரே வந்து நின்றாள்.

உன் மெரே ஆன்ட்டிக்கு இப்போது முழங்கால் வலி, கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது, ஆனால் குரலில் வார்டு இன்னும் இருக்கிறது. இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண், நம்மோடு பேசுவது ஃபிஜி இந்தியில். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். "மாஸ்டர், அந்த ஆளை மரத்துலேர்ந்து கையை எடுக்கச் சொல்லு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "இது உன் மரமா?" என்றாள். என் கொல்லையில் நிற்கிற மரம் வேறு யாருடையது என்றேன். கைத்தடியை வேலி மேல் நீட்டி, "சின்னது உன் மகனோடது. பெரியது உங்களுக்கு முன்னாடி இந்த வீட்ல பிறந்த பெண் குழந்தையோடது. ரெண்டையும் நட்டது நான். கொடி கீழே இருக்கு. அவங்க வந்து சொல்லணும், நீ யாரு சொல்றதுக்கு?" என்றாள்.

நித்தேஷ் இந்த ஊரிலேயே பிறந்தவன். ரம்பக்காரனின் முதுகைத் தட்டி, "சலோ, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருஷம் இந்த மண்ணில் இருந்த எனக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. இங்கே குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதைப் புதைத்து மேலே ஒரு தென்னங்கன்றை நடுவார்கள். அன்றிலிருந்து அந்த மரமும் அந்தப் பிள்ளையும் வேறல்ல. பாடப்புத்தகத்தில் இதை இரண்டு வரியில் நானே வகுப்பெடுத்திருக்கிறேன். என் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கும் என்று நினைக்கவில்லை. ஏனென்றால் உன் கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து உன் இடுப்பில் கட்டியாயிற்று என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். தாயத்து தஞ்சாவூரிலிருந்து என் அம்மா அனுப்பியது.

"தாயத்தா?" என்று மெரே வாயைப் பொத்திக்கொண்டாள். "மாஸ்டர், அது காலி. உன் பெண்டாட்டி உள்ளே கொஞ்சம் பஞ்சு வெச்சு மூடினா. தட்டினா காலிச் சத்தம் வரக்கூடாதுன்னு."

மூன்று வயது வரைக்கும் நீ இடுப்பில் பஞ்சைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய். அன்றைக்கே உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் சிரிப்பு. "உங்ககிட்ட சொல்லியிருந்தா மூடநம்பிக்கைன்னு அடுப்பங்கரைலயே பாடம் ஆரம்பிச்சிருப்பீங்க. உங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா அடுத்த கப்பல்ல கிளம்பி வந்திருப்பாங்க. எனக்கு ரெண்டும் வேண்டாம்னு இருந்துச்சு" என்றாள். ஏன் செய்தாய் என்று கேட்டேன். "ஊரே காலியாயிட்டிருந்துது. ஒவ்வொரு வீடா விளக்கு அணைஞ்சுது. என் பிள்ளை பிறந்த இடம்னு ஒண்ணு நிக்கட்டுமேன்னு தோணிச்சு. அந்தப் பொண்ணோட மரம் ஏற்கெனவே நின்னுது. பக்கத்துல இவனோடது இருந்தா துணைதானே" என்றாள். இவ்வளவு பெரிய விஷயத்தை உளுந்து நனைத்தேன் என்பது மாதிரி சொல்லிவிட்டுக் குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள்.

உன் மரத்தைப் பற்றி எனக்குச் சிரிப்பும் கொஞ்சம் வெட்கமும்தான். மற்ற மரம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. யார் அந்தப் பெண்? மெரேக்கும் முழுதாகத் தெரியவில்லை. குழந்தை பிறந்தபோது உடனிருந்தாள், கொடியை வாங்கி நட்டாள், சில வாரங்களில் அடுத்த தீவில் இருக்கிற லம்பாசா ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிக் கப்பலேறிவிட்டாள். திரும்பி வந்தபோது அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. "உறவுக்காரங்க யாருக்காவது வளர்க்கக் கொடுத்தாங்களோ என்னமோ, உங்க ஆளுங்க கொடுப்பாங்க இல்லையா. அப்படிக் கேள்வியெல்லாம் வேலி மேலேர்ந்து கேக்கறதில்ல மாஸ்டர்" என்றாள். ஆக, அந்தப் பெண் எங்கோ இருக்கலாம். உன்னைவிடச் சில வயது மூத்தவள். வான்கூவரிலோ சிட்னியிலோ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவளுடையது ஒன்றை என் கையெழுத்தால் வெட்டச் சொல்லிவிட்டு உன்னிடம் வந்து சேர்ந்தால், அங்கே சோபாவில் சும்மா உட்கார என்னால் முடியாது. அவளைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்தேன். நான் ஊர் சுற்றுவது இதற்குத்தான்.

எவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருக்கிறேன் பார். பிரான்சின் ராஜா தலை போன கதையை வருஷா வருஷம் வகுப்பில் சொன்னவன், என் கூரைக்கடியில் எனக்கு முன் யார் படுத்து எழுந்தார்கள் என்று கேட்டதே இல்லை. ஒரு தையல்காரர், பெயர் முனுசாமி, முதல் 'கூ' முடிந்து போய்விட்டார். வீட்டைத் தரகர் மூலம் வாங்கியதால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதை இங்கே கூ என்றுதானே எல்லோரும் சொல்வோம், புயலுக்குப் பெயர் வைப்பது மாதிரி. நீ ஆக்லாந்தில் இருக்கிற வீட்டில் முன்னால் யார் இருந்தார்கள்? கேட்டிருக்கிறாயா? கேட்டு வை. பெரிய பயன் எதுவும் இல்லை. ஆனால் சுவரில் ஆணி அடிக்கும்போது அது வேறு யாரோ அடித்த ஓட்டை என்று தெரிந்துகொண்டு அடிப்பது நல்லது.

முதலில் சந்தைக்குப் போனேன். பேருந்து நிலையத்துப் பக்கம், மீன் விற்கிற இடத்துக்குப் பின்னால், பழைய ஆட்கள் கிரோக் குடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பார்களே, அங்கே. மிளகு இனத்துச் செடி ஒன்றின் வேரை இடித்துக் கரைத்த அந்தச் சேற்றுத் தண்ணீர் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. ஆனால் கிண்ணத்தை வாங்காமல் இங்கே ஒரு செய்தியும் கிடைக்காது. முன்னாள் பஸ் டிரைவர் கந்தசாமி நடுவில் இருந்தார். அவருடைய தாத்தா வடாற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். அந்தத் தாத்தாவின் தமிழ் இவர் வாயில் பாதி இருக்கிறது, மீதி இந்தி.

"மாஸ்டர்ஜி, பென்ஷன் வாங்கினப்புறம் சிஐடி ஆயிட்டீங்களா?" என்றார். பாயே சிரித்தது. தையல்கார முனுசாமியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்காதா பின்ன? எங் கல்யாண டிரவுசர் துணியத் தூக்கினு போனவனாச்சே. அளவெடுத்தான், ஊக்கு குத்தினான், 'நாளன்னிக்கு வா கந்தா'ன்னான். நாளன்னிக்குப் போனா கடை பூட்டு. மச்சான் டிரவுசர மாட்டினு தாலி கட்டினேன், அதுவும் குட்டை. போட்டோல பாருங்க, எங் கணுக்கால்தான் மொதல்ல தெரியும்."

"அவர் எங்கே போனார்?"

"கனடான்னாங்க."

"கனடா இல்ல, அடிலெய்டு" என்றார் இன்னொருவர்.

"உனக்கின்னா தெரியும்? நீ அப்ப ஸுவாவுல இருந்த." கந்தசாமி கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்து, வழக்கப்படி கையைத் தட்டினார். "மாஸ்டர், அப்ப யாரு சொல்லினு போனாங்க? எல்லாரும் ஸுவா வரைக்கும் போயிட்டு வரேன்னுதான் சொன்னாங்க. என் அண்ணனே அப்பிடித்தான் சொன்னான். அவன் இன்னும் ஸுவாலேர்ந்து வந்துகினே கீறான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராணுவத்துக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன நம் இந்தியர்கள் எல்லோரும் அந்த வருஷங்களில் செய்தது இதுதான். போகிறோம் என்று சொன்னால் வேலை போகும், யாராவது வழியில் நிறுத்துவார்கள், வீட்டு விலை விழும் என்று பயம். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கோழிக்குத் தீனி போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் இன்றைக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு நாடு சொல்கிறார்கள். விடைபெறாமல் போனவர்களைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் சொல்கிறேன் அருள், எங்கிருந்து கிளம்பினாலும் ஒரு ஆளிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்பு.

தையல்காரருக்கு மகள் உண்டா என்று கேட்டேன். பாயில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். இரண்டு பையன்கள், பெண் கிடையாது. "பொண்ணு இருந்திருந்தா எனக்குத் தெரியாமலா? அந்த வயசுல நான் ஒரு வூட்டு ஜன்னலையும் வுட்டதில்ல" என்றார் கந்தசாமி. கோவிலில் கேட்டேன், பழைய அரிசி மில் பக்கம் கேட்டேன், படகுத்துறையில் கேட்டேன். எல்லோருக்கும் முனுசாமியைத் தெரிந்திருந்தது. அவர் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், கால்பந்து ஆட்டத்துக்குக்கூட நாடாவோடு வருவார் என்றார்கள். மனைவி சின்னம்மா யாரையும் வீட்டுக்குள் விடமாட்டாள், வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுவாள் என்றார்கள். பெண் குழந்தை என்றதும் உதட்டைப் பிதுக்கினார்கள். மெரேதான் வயதாகிக் குழப்பிக்கொள்கிறாளோ என்று சந்தேகப்பட்டேன். வேலியோரம் போய் அதை அவளிடமே கேட்டேன். "மாஸ்டர், எத்தனை பிரசவம் பார்த்தேன்னு எனக்கு நினைவில்ல. எத்தனை கொடி நட்டேன்னு நினைவிருக்கு. ரெண்டுதான் உங்க ஆளுங்களோடது. ரெண்டும் உன் கொல்லைல நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கு முன் அவள் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. பல வருஷம் கழித்து இன்னொரு கூவில் தலைநகர் ஸுவாவில் இந்தியர் கடைகள் எரிந்தபோது, நீ பள்ளிக்கூடப் பையன், உன்னையும் அம்மாவையும் அந்தக் கதவு வழியாகத்தான் அனுப்பினேன். அவள் புருஷன் நம் வாசல்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், பொழுது விடியும்வரை. அந்த வாரத்தில்தான் நீ என்னிடம், "நான் பெரியவனானா இங்க இருக்கமாட்டேன்ப்பா" என்று சொன்னாய். நான் உன்னை அதட்டினேன். அதட்டியிருக்கக் கூடாது. நீ சொன்னது பயம், நான் அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன். வாத்தியார்களுக்கு இந்தக் கோளாறு உண்டு, எல்லாவற்றையும் விடைத்தாளாகப் பார்ப்பது.

கடைசியில் தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தது கந்தசாமிதான். அவருடைய தங்கை மகள் பிரிஸ்பேனில் இருக்கிறாளாம், அங்கே கோவிலில் ஒரு வயதான நவுவாக்காரியைப் பார்ப்பாளாம், பெயர் சின்னம்மாவாம். முனுசாமி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டதாம். "கேட்டுப் பாருங்க, எந் துணி இன்னாச்சுன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கூப்பிட்டபோது முதலில் ஓர் ஆண் குரல். யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். "ஒரு நிமிஷம் அங்கிள், காதை மாத்திக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். திரும்பவும் சொன்னேன். அம்மாவிடம் கொடுத்தார்.

"ஆரு? நவுவா மாஸ்டரா? எங்க வூட்ட வாங்கின மாஸ்டரா? இன்னும் அங்கியே கீறீங்களா?"

"இருக்கேம்மா."

"அடேயப்பா. ஊரே ஓடிப்போச்சி, நீங்க ஒர்த்தரு குந்திகினு கீறீங்க. இன்னா விசயம்?"

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கொல்லையில் ஒரு தென்னை இருக்கிறதே என்றேன்.

"நிக்குதா?"

"நிக்குதும்மா."

"ஒசரமா?"

"கூரையைத் தாண்டி எங்கேயோ போயிடுச்சு. அது உங்க பொண்ணோடதுன்னு மெரே சொன்னா. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும். இப்ப எங்க இருக்காங்க?"

"எம் பொண்ணா?" என்றாள். "அங்கதான் கீறா மாஸ்டர். வேற எங்க போவா? வள்ளின்னு பேரு வெச்சோம். அப்ப நாங்க ஊருக்குப் புதுசு. தவழ ஆரம்பிச்சா, ஜொரம் வந்துச்சி. ஆத்துல வெள்ளம், பஸ்ஸு இல்ல, ஆஸ்பத்திரிக்கித் தூக்கினு போவ வழியில்ல. அப்பறம் நான் ஆரையும் உள்ள வுடல. தெரியாதவங்களுக்குத் தெரியாமயே போவட்டும்னு வுட்டுட்டேன்."

அருள், சில வாரங்களாக நான் மனசுக்குள் ஒரு பெண்ணை வளர்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அலுவலகம் கொடுத்தேன், கார் கொடுத்தேன், உன்னை மாதிரி பொறுமையான ஒரு குரலும் கொடுத்தேன். ஒரே வாக்கியத்தில் அவள் தவழும் குழந்தையாகிவிட்டாள். சின்னம்மாதான் பேச்சைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"காய் எப்பிடி? இனிக்குதா?"

அவளுக்குத் தெரியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூ வந்த வருஷம்தான் அந்த மரம் முதல் பாளை விட்டிருக்கிறது. முனுசாமி சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட, வீட்டை விற்றுவிட்டு வருகிறேன் என்று இவள் பெரியவனோடு தங்கிவிட்டாள். "வூடு விக்கணும்னு சொன்னது பொய்யி. மொதல் காய் முத்தட்டும், அத்த வள்ளி பேருல கோயில்ல ஒடச்சிட்டுப் போவலாம்னுதான் நின்னேன். குரும்ப எறங்கிச்சி. தெனம் காலைல போயி எண்ணுவேன். அப்பறம் போவவேண்டியதாப் பூடுச்சி. அந்த மொதல் குலை இன்னா ஆச்சி மாஸ்டர்? எலி தின்னுச்சா?"

எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாங்கள் குடிவந்த புதிதில் உன் அம்மா முழுகாமல் இருந்தாள். சோறு இறங்கவில்லை, தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்துவிடும். மெரேயின் புருஷன் ஏறிப் பறித்துப் போட்ட இளநீர் ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. அந்தக் குலை முழுவதும் அவள்தான் குடித்தாள். அதைச் சொன்னேன். பிறந்தது பையனா பெண்ணா என்று கேட்டாள். பையன், நல்ல கனம், மெரேதான் பிரசவம் பார்த்தாள் என்றேன்.

சின்னம்மா சொன்னாள்: "அப்ப நல்லதாப் போச்சி. கோயில்ல ஒடச்சிருந்தா கல்லுதான குடிச்சிருக்கும்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பெட்டிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு கிடங்கு விஷயம், ரம்பம், லாரி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு விற்க மனசு வரவில்லை, மனைவியும் மகனும் ஆக்லாந்தில் இருக்கிறார்கள், நான் மட்டும் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், இனி எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை என்றேன். என்னைப் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா மாஸ்டர்?" என்றாள். "போன் எடுத்தானே எம் பெரியவன், காத மாத்தினானா இல்லியா? அவனுக்கு எடது காது கேக்காது. ஞாயித்துக்கெழம யாரும் வெளிய வரக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்களே, ஞாபகம் கீதா? கொழந்தப் பையன், பந்த எடுத்துகினு ஆத்தங்கரைக்கிப் போனான். ரோட்ட மறிச்சினு நின்ன ஆளுங்க புடிச்சிச் சாக்கடையில நிக்க வெச்சி அடிச்சாங்க. அவன் சாயங்காலம் வரைக்கும் வூட்டுக்கு வரல. நான் எங்க இருந்தேன் தெரியுமா? கொல்லைல. குரும்ப எண்ணினு இருந்தேன். போயிட்டவளுக்காவ நின்னு, இருக்கறவன் காதக் குடுத்தேன். அவன் இன்னிவரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா தேவல. அடுத்த வாரமே வந்த வெலைக்கி உங்ககிட்ட குடுத்துட்டு ஏறிட்டேன்."

நான் கொல்லைப்புறக் கதவருகே போய் நின்றேன்.

"எம் பொண்ணோடத நான் சொல்லிட்டேன், கேட்டுக்கங்க. வெட்டிக்கலாம். அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. உங்க பையனோடது உங்க பையந்தான் சொல்லணும், அது எனக்கும் உங்களுக்கும் இல்ல. ஆனா அவன் இன்னா சொன்னாலும் நீங்க அவங்ககிட்ட போய்ச் சேருங்க. பொம்பளைய தனியா பேரக்கொழந்தையத் தூக்க வுட்டுட்டு மரத்துக்குக் காவலு இன்னா காவலு?" பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "கந்தன் இன்னும் கீறானா? அவந் துணி அவரு பொட்டியிலதான் வந்துச்சி. எஞ் சின்னவனுக்குக் கால்சட்ட தெச்சாரு. ரெண்டு வந்துச்சின்னு சொல்லுங்க" என்றாள்.

நேற்று கந்தசாமியிடம் சொன்னேன். "ரெண்டா? அப்ப எனக்கும் அளவு தாராளமாத்தான் எடுத்திருக்கான்" என்றார். பாயில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு பேரு இன்னான்னு சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கிண்ணம் ஒரு சுற்று வந்தது.

நீயும் என்னிடம் எதையும் கேட்பதில்லை, அருள். பெட்டி, விலை, தேதி என்று கேட்கிறாய். அவை கேள்விகளே இல்லை. ஏன் வரவில்லை, எங்களைவிட அங்கே என்ன பெரிதாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒரு வேளை அதைக் கேட்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பயமோ என்னவோ. கேள். நான் வந்ததும் எதிரில் உட்கார வைத்துக் கேள். நல்ல பதில் என்னிடம் இல்லை, ஆனால் பொய் சொல்ல மாட்டேன். இந்த வீடும் மரங்களும் ஊரும் எனக்குப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. உன் வீட்டில் நான் மாஸ்டர் இல்லை, யாரோ ஒரு கிழவன், அதுதான் பயம். இதை எழுதிவிட்டதில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

நித்தேஷிடம் நிலைமையைச் சொல்லிவிட்டேன். "சரி மாஸ்டர்ஜி, நோட்டரிக்கு முன்னாடி தென்னைக்கும் சம்மதம் வாங்கணும்னா வாங்கிட்டு வாங்க" என்று கிண்டல் செய்தான். ஆனால் மாதக் கடைசி வரைக்கும் காத்திருப்பதாகக் கைகொடுத்தான், நான் ஆக்லாந்திலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம். மரத்தை விட்டுவிட்டுக் கட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது, அப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்றான். ஆகவே கணக்கு நேரானது. நீ வெட்டலாம் என்றால் வீடு விற்கும், நீங்கள் பார்த்து வைத்திருக்கிற பெரிய வீட்டுக்கு அது உதவும். வேண்டாம் என்றால் இங்கே பூட்டிக் கிடக்கும், நாம் எல்லோரும் உன் சின்ன வீட்டில் முட்டிக்கொண்டு இருப்போம். இரண்டில் எது சொன்னாலும் நான் வருத்தப்படமாட்டேன் என்று எழுதினால் அது பொய். எது சொன்னாலும் ஒரு வருத்தம் இருக்கும், அது என் பாடு. உன் மரத்தை உனக்குத் தெரியாமல் விற்கும் வேலையை மட்டும் நான் செய்யமாட்டேன்.

அந்தப் பதிலை என்னிடம் சொல்லாதே. மெரே ஆன்ட்டியைக் கூப்பிட்டுச் சொல். எண் அம்மாவிடம் இருக்கிறது. உன் இந்தி துருப்பிடித்திருக்கும், பரவாயில்லை, அவள் புரிந்துகொள்வாள். நட்டவள் அவள், முதலில் அவள் காதில் விழட்டும்.

என் டிக்கெட் எடுத்தாயிற்று. இன்று காலை பேருந்தில் ஸுவாவுக்குப் போய் எடுத்து வந்தேன். கந்தசாமியிடமும் மெரேயிடமும் எங்கே போகிறேன், எப்போது போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வியாழக்கிழமை நவுசோரியிலிருந்து விமானம். விமான நிலையத்துக்கு நீ வராவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவை வரச் சொல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. நீ மெரேயிடம் என்ன சொன்னாலும் நான் வருகிறேன்.

அப்பா